கொலனி ஊரான கதை

(வானொலியில் கமக்காரருக்காக ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



விதைநெல்லைப் பற்றியும், பசளையைப் பற்றியும், கபிலநிறத் தத்தியைப் பற்றியும் நிறையக் கேட்டிருப்பீர்கள், படித்திருப்பீர்கள். இன்றைக்குக் கடையில் வாங்க முடியாத ஒரு பொருளைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். அதற்கு மூட்டைக் கணக்கும் இல்லை, விலைச்சீட்டும் இல்லை. ஆனால் அது இல்லாத வட்டையில் மற்ற எல்லாம் இருந்தும் விளைச்சல் அரைகுறைதான்.

படித்தவர்கள் அதற்குச் 'சமூக மூலதனம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். பக்கத்து வயற்காரன் என்னை ஏமாற்ற மாட்டான் என்ற நம்பிக்கை, இன்றைக்கு நான் விட்டுக்கொடுத்தால் நாளைக்கு எனக்கும் ஒருவன் விட்டுக்கொடுப்பான் என்ற நம்பிக்கை, அந்த நம்பிக்கை குலையாமல் காக்கிற ஊர் வழக்கம், நாலு பேர் கூடிக் கதைக்கிற கூட்டம். இவ்வளவுந்தான் அதன் பொருள்.

"அது எங்கட ஊரில எப்பவும் இருக்கிறதுதானே" என்று சொல்லுவீர்கள். பழைய ஊர்களில் இருக்கும். ஆனால் ஊரே புதிதாக இருந்தால்? ஒருவரை ஒருவர் முன்பின் அறியாத குடும்பங்களைப் பல திசைகளிலிருந்தும் கூட்டி வந்து ஒரே வாய்க்காலில் குடியிருத்தினால் அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய இடம் ஒன்று நமது நாட்டிலேயே இருக்கிறது. அதுதான் கல்லோயா. நம்மவர் பழைய பெயரில் சொன்னால், பட்டிப்பளை ஆற்றுப் பள்ளத்தாக்கு.

பழைய குளத்து ஊர்கள் எப்படி நடந்தன என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். குளம் ஒன்று. குளத்தின் கீழ் வயல். வயற்காரர் எல்லாரும் ஒருவருக்கொருவர் மாமன், மச்சான், சம்பந்தி. தண்ணீர் விடுகிற நாளைச் சொல்ல, வேலி அடைக்கிற நாளைச் சொல்ல, வாய்க்கால் துப்புரவுக்கு ஆள் வராதவனைக் கண்டிக்க, சிங்களக் கிராமங்களில் வேல்விதானை இருந்தார். மட்டக்களப்புப் பகுதியில் வட்டை விதானை இருந்தார். தண்ணீர் குறைந்த வருஷத்தில் உலர் வலயத்துச் சிங்களக் கிராமங்களில் 'பெத்ம' என்று ஒரு வழக்கம். குளத்துக்குக் கிட்டவுள்ள வயலை மட்டும் அந்தப் போகத்துக்கு எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டு செய்வார்கள். தூரத்தில் வயல் உள்ளவனுக்கும் கிட்ட ஒரு துண்டு கிடைக்கும். இருக்கிற தண்ணீரில் எல்லார் வீட்டு அடுப்பும் எரிய வேண்டும் என்பது கணக்கு.

இப்படிப்பட்ட வழக்கம் சட்டப் புத்தகத்திலிருந்து வருவதில்லை. தகப்பன் செய்ததை மகன் பார்த்துச் செய்கிறான். மீறினால் நாளைக்குக் கலியாண வீட்டில், செத்த வீட்டில் முகம் கொடுக்க முடியாது. அந்த வெட்கந்தான் காவல்.

இனி 1949ஆம் ஆண்டுக்கு வருவோம். சுதந்திரம் கிடைத்த மறு வருஷம். முதற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க காலத்தில் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. அமெரிக்காவின் டென்னசிப் பள்ளத்தாக்கு அதிகார சபையை முன்மாதிரியாக வைத்து அதை உண்டாக்கினார்கள். இங்கினியாகலையில் ஆற்றை மறித்து அணை கட்டினார்கள். கட்டியது அமெரிக்காவின் மொறிசன் நட்சன் கம்பனி. அணைக்குப் பின்னால் தேங்கிய நீருக்குச் சேனநாயக்க சமுத்திரம் என்று பெயர். சமுத்திரம் என்று சொன்னது பொய்யில்லை. அந்த அளவுக்குப் பெரிய நீர்த்தேக்கம் அன்றைக்கு நாட்டில் வேறு இருக்கவில்லை.

அணைக்குக் கீழே காடு வெட்டிக் கொலனிகள் அமைத்தார்கள். 1ஆம் கொலனி, 2ஆம் கொலனி என்று நம்பர்தான் ஊருக்குப் பெயர். கண்டி, கேகாலை முதலிய மலைநாட்டுப் பகுதிகளில் காணி இல்லாதிருந்த சிங்களக் குடும்பங்களே குடியேறியவர்களில் பெரும்பான்மை. கிழக்கு மாகாணத்துத் தமிழ், முஸ்லிம் குடும்பங்களுக்கும் சில கொலனிகளில் காணி கிடைத்தது. முதலில் வந்தவர்களுக்கு ஆளுக்கு 4 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுக்காணியும் கொடுத்தார்கள். வீடு கொடுத்தார்கள், வாய்க்கால் வெட்டிக் கொடுத்தார்கள்.

ஆனால் பள்ளத்தாக்கு வெறும் காடாக இருந்ததென்று நினைக்கக் கூடாது. ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் தமிழரும் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாக வேளாண்மை செய்துவந்த வட்டைகள் இருந்தன. ஆறு மறிக்கப்பட்டதும் அவர்களும் மேலே திறக்கிற தண்ணீரை எதிர்பார்த்திருக்க வேண்டியதாயிற்று. இடதுகரைத் திட்டத்தின் தலைப்பக்கத்தில் பெரும்பாலும் சிங்களவர், வால்பக்கத்தில் பெரும்பாலும் தமிழரும் முஸ்லிம்களும். தண்ணீர்த் தகராறும் இனத் தகராறும் ஒரே வாய்க்காலில் ஓடுவதற்கு இதைவிட வசதி வேண்டுமா? 1956 ஜூன் மாதம் சிங்களம் மட்டும் சட்டம் வந்த நாட்களில் இந்தப் பள்ளத்தாக்கிலே தமிழர்கள் தாக்கப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். அம்பாறைப் பகுதியின் கதையைச் சொல்லுகிற எவரும் இதை மறைத்துவிட்டுச் சொல்ல முடியாது.

சரி, குடியேற்றம் நடந்து முடிந்தது. முப்பது வருஷம் போயிற்று. 1970களின் கடைசியில் கல்லோயா இடதுகரை எப்படி இருந்தது? நாட்டிலேயே மிகவும் பழுதடைந்த, மிகவும் ஒழுங்கு கெட்ட நீர்ப்பாசனத் திட்டம் என்று பெயர் எடுத்திருந்தது. மதகுக் கதவுகள் உடைந்து கிடந்தன. வாய்க்காலில் மண் நிரம்பிப் பற்றை வளர்ந்திருந்தது. தலையில் உள்ளவன் வயல் நிறைந்து வழிந்தாலும் வாயை அடைக்க மாட்டான், நாளைக்கு வருமோ வராதோ என்ற பயம். வாலில் உள்ளவனுக்குச் சிறுபோகத்தில் சொட்டுத் தண்ணீர் எட்டாது. இராத்திரியில் வாய்க்கால் வரம்பை வெட்டுவார்கள். விடிந்தால் சண்டை. "இந்தச் சனம் சொன்னாக் கேளாது" என்பது திணைக்களத்தின் பேச்சு. "ஒபிசர்மார் இந்தப் பக்கம் எட்டியும் பாக்கிறதில்லை" என்பது கமக்காரரின் பேச்சு.

ஏன் இப்படியானது? குடியேறியவர்கள் கெட்டவர்களா? இல்லவே இல்லை. தங்கள் பழைய ஊர்களில் அவர்களும் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு நடந்தவர்கள்தான். ஆனால் வரும்போது அந்த ஊர்க்கட்டைத் தூக்கிக்கொண்டு வர முடியாதே. சொந்தக்காரன் ஒரு மாவட்டத்தில், இவர் இன்னொரு மாவட்டத்தில். கொலனியில் அடுத்த வீட்டுக்காரன் ஒருவன், வயலில் அடுத்த வரம்புக்காரன் வேறொருவன். வீட்டுப் பழக்கம் வாய்க்காலுக்கு உதவவில்லை. எல்லாவற்றையும் அரசாங்கம் கொண்டுவந்து கொடுத்தபடியால், வாய்க்காலும் அரசாங்கத்தினுடையது, உடைந்தால் அரசாங்கந்தான் திருத்த வேண்டும் என்ற எண்ணமும் ஊறிப்போயிற்று.

சட்டமும் இதற்குக் கைகொடுக்கவில்லை. 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் வந்தபோது விதானை முறையை எடுத்துவிட்டுப் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தார்கள். 1970களில் அதையும் மாற்றினார்கள். 1979இல் கமநல சேவைச் சட்டம் வந்து இன்னொரு முறை மாறியது. ஆட்சி மாறினால் குழுவும் மாறும். மேலே இருந்து போட்ட ஆள், மேலே உள்ளவரைத்தான் பார்ப்பான். காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கிடைத்த காணியை நினைத்தபடி பிரித்து எழுத முடியாது. பிள்ளைகள் பெருகியபோது எழுத்தில்லாமலே துண்டு போட்டார்கள், குத்தகைக்கு விட்டார்கள், ஒதுக்கு நிலத்தில் புதிதாக வயல் அடித்தார்கள். பட்டியலில் உள்ள பெயர் ஒன்று, வயலில் நிற்கிற ஆள் வேறொன்று. இப்படியான இடத்தில் யாரை யார் நம்புவது?

இந்த நிலையில்தான் அமெரிக்க உதவியோடு இடதுகரையைத் திருத்தி அமைக்கும் திட்டம் தொடங்கியது. வாய்க்கால் திருத்துவதற்குப் பொறியியலாளர்கள் வந்தார்கள். அதோடு, கமக்காரரைச் சேர்த்து அமைப்பு உண்டாக்கும் வேலை கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகத்துக்குக் கொடுக்கப்பட்டது. கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் என்பவரும் அவருடைய சகாக்களும் அதற்குத் துணை நின்றார்கள். இங்கு நடந்ததை அவர் பின்னர், 1992இல், ஒரு புத்தகமாகவே எழுதினார்.

1981 மார்ச் மாதம் 32 இளைஞர்கள் கல்லோயாவுக்கு அனுப்பப்பட்டார்கள். பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்கள். அவர்களுக்கு அமைப்பாளர் என்று பெயர். அதிகாரம் ஒன்றும் இல்லை. மானியம் கொடுக்கவும் முடியாது, தண்டம் அடிக்கவும் முடியாது. கொலனிகளிலே தங்கியிருந்து கமக்காரரோடு பழகுவதுதான் உத்தியோகம்.

அந்த வருஷம் பார்த்துச் சேனநாயக்க சமுத்திரத்தில் சிறுபோகத் தொடக்கத்தில் கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது. "நல்ல நேரம் பாத்து வந்திருக்கிறாங்கள்" என்று சிரிக்கத்தக்க நிலைமை. ஆனால் அந்தத் தட்டுப்பாடே உதவியாகப் போயிற்று. தண்ணீர் நிறைய இருந்தால் ஒருவரும் கூட்டத்துக்கு வந்திருக்க மாட்டார்கள்!

அமைப்பாளர்கள் செய்தது என்ன? நாமும் செய்யக்கூடியது என்பதால் கவனித்துப் படியுங்கள்.

முதலாவது, அவர்கள் வந்தவுடன் சங்கம் வைக்கவில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவு இல்லை. வீடு வீடாக, வயல் வயலாகப் போய், "உங்கட கஷ்டம் என்ன?" என்று கேட்டார்கள். கேட்டதைக் குறித்துக்கொண்டார்கள்.

இரண்டாவது, கொலனிக் கணக்கில் ஆட்களைச் சேர்க்கவில்லை. ஒரே வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற 10, 20 பேரைத்தான் ஒரு குழுவாகச் சேர்த்தார்கள். பத்துப் பதினைந்து பேர் என்றால் எல்லாருக்கும் எல்லார் முகமும் தெரியும். யார் வேலைக்கு வந்தான், யார் வரவில்லை என்பதை மறைக்க முடியாது. பழைய ஊரில் இருந்த அந்த வெட்கம் இங்கேயும் வேலைசெய்யத் தொடங்கிவிடும்.

மூன்றாவது, முதலில் சின்ன வேலை. அரசாங்கக் காசு தேவைப்படாத, நாலு மண்வெட்டி இருந்தால் முடிகிற வேலை. வருஷக்கணக்கில் துப்புரவாக்காத வாய்க்காலைச் சிரமதானத்தில் வெட்டினார்கள். வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் ஓடிக் கடைசி வயலுக்குப் போனதைக் கண்ணால் கண்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு அழைப்புத் தேவைப்படவில்லை.

நான்காவது, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். சில வாய்க்கால்களில் தலைப்பக்கத்துக்காரர் தங்களுக்குக் கிடைத்த முறையில் ஒரு பகுதியை மிச்சப்படுத்திக் கீழே உள்ளவர்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

இவ்வளவும் நடந்த பிறகுதான் ஒவ்வொரு குழுவும் ஒரு பிரதிநிதியைத் தெரிந்தது. வாக்குப் பெட்டி வைத்து இரண்டு கட்சியாக்கவில்லை. எல்லாரும் ஒத்துக்கொள்ளும் ஆள் கிடைக்கும் வரைக்கும் கதைத்தார்கள். பிரதிநிதிக்குச் சம்பளம் இல்லை. சம்பளம் இருந்திருந்தால் அரசியல்வாதியின் ஆள்தான் வந்திருப்பான் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. வயல் வாய்க்கால் குழுக்கள் சேர்ந்து கிளை வாய்க்கால் அமைப்பு, அதற்கு மேலே பகுதிச் சபை, அதற்கும் மேலே திட்டக் குழு என்று கீழிருந்து மேலே கட்டினார்கள். கமக்காரப் பிரதிநிதிகள் அரசாங்க அதிபரின் தலைமையில் கூடும் மாவட்ட விவசாயக் குழுவிலும் இருந்து பேசினார்கள். பொறியியலாளர்களும் மாறினார்கள். எந்த இடத்தில் மதகு வைக்கலாம், எந்த இடத்தில் வாய்க்கால் உடைகிறது என்று வயற்காரனைக் கூட்டிக்கொண்டு நடந்து பார்த்துக் கேட்டார்கள். முப்பது வருஷமாக அந்த வாய்க்காலோடு மாரடித்தவனுக்குத் தெரியாததா படத்தில் தெரியப்போகிறது?

இரண்டே வருஷத்தில் பலன் தெரிந்தது. ஏக்கருக்கு விடவேண்டிய தண்ணீரின் அளவு வெகுவாகக் குறைந்தது. முன்னர் சிறுபோகம் அறியாத வால்பக்க வயல்களுக்கும் தண்ணீர் எட்டியது. நாட்டிலேயே மோசமானது என்று பெயர் எடுத்த இடத்தை மற்றவர்கள் வந்து பார்த்துப் போகத் தொடங்கினார்கள்.

இதற்குள் ஒரு சோதனையும் வந்தது. அமைப்பாளர்கள் எல்லாரும் தற்காலிக நியமனக்காரர். நிரந்தர ஆசிரிய நியமனம் கிடைத்தால் யார்தான் போகமாட்டார்கள்? ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். 1985இல் திட்டம் முடிவடைந்தபோது முதலில் வந்தவர்களில் மிகச் சிலரே எஞ்சியிருந்தார்கள். இனிக் குழுவெல்லாம் கலைந்துவிடும் என்று பலரும் நினைத்தார்கள். ஆனால் வாய்க்கால் துப்புரவும் முறைத் தண்ணீரும் நின்றுபோகவில்லை. அந்தப் பழக்கம் அமைப்பாளரிடமிருந்து கமக்காரரின் கைக்கு மாறியிருந்தது. 1988இல் அரசாங்கமும் பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களைக் கமக்காரரோடு சேர்ந்து நிர்வகிப்பதைக் கொள்கையாக ஏற்றுக்கொண்டது.

பெரிய சோதனை 1997 சிறுபோகத்தில் வந்தது. சமுத்திரத்தில் தண்ணீர் மிகவும் குறைவு. நெல் செய்யப் போதாது என்று அதிகாரிகள் கணக்குக் காட்டினார்கள். கணக்கில் பிழையில்லை. வழக்கமான மாதிரித் தண்ணீர் விட்டால் போதாதுதான். ஆனால் கமக்காரர் அமைப்புகள் கூடிப் பேசின. கட்டுப்பாடாகப் பாய்ச்சுவோம், தலைக்கும் வாலுக்கும் ஒரே மாதிரிப் பங்கிடுவோம், ஒருவரும் களவெடுக்க மாட்டோம் என்று முடிவெடுத்துப் பயிர் செய்தார்கள். 65,000 ஏக்கரில் வேளாண்மை வெட்டினார்கள். விளைச்சல் வழமையைவிட நன்றாகவே இருந்தது. சிங்களவரும் தமிழரும் ஒரே தண்ணீரைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அது எந்தக் காலம்? வடக்கிலும் கிழக்கிலும் போர் நடந்துகொண்டிருந்த காலம்!

இதைக் கேட்டுவிட்டு, வாய்க்கால் குழு இருந்தால் நாட்டுப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று ஒருவரும் எண்ணிவிட வேண்டாம். தீரவில்லை. இந்த அமைப்புகள் போரை நிறுத்தவில்லை. யாருடைய காணியில் யாரைக் குடியேற்றினார்கள் என்ற கேள்விக்கும் அவை பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி கிழக்கு மாகாணத்தில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. வால்பக்கத்துக் கமக்காரனுக்குத் தண்ணீர் வந்தது என்பதற்காக அவன் இழந்ததெல்லாம் திரும்பி வந்துவிட்டதாக ஆகாது. ஆனாலும், தலைப்பக்கத்தில் மதகை அடைக்கிற ஒருவன், கீழே வேற்று மொழி பேசுகிறவனின் பயிர் வாடும் என்று நினைத்து அடைத்தான் பாருங்கள், அது சின்ன விஷயம் இல்லை. மேடையில் எத்தனையோ பேர் பேசிச் சாதிக்காததை வாய்க்கால் வரம்பில் கொஞ்சம் சாதித்தார்கள்.

நமக்கு இதில் என்ன பாடம்? போரினால் இடம்பெயர்ந்து, முகாமிலிருந்து மீண்டும் காணிக்குத் திரும்பிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வடக்கிலும் கிழக்கிலும் இருக்கின்றன. பழைய ஊருக்கே திரும்பினாலும் பழைய ஆட்கள் எல்லாரும் திரும்பவில்லை. வட்டை விதானை இல்லை, வழக்கம் தெரிந்த பெரியவர் இல்லை, அடுத்த வயலில் புது முகம். அவர்களும் ஒரு வகையில் புதுக் கொலனிக்காரர்தான். அப்படியான இடங்களில் உதவி வரும்போது கிணறு வருகிறது, விதை வருகிறது, உழவு இயந்திரம் வருகிறது. ஊர்க்கட்டு லொறியில் வருவதில்லை. அதை அங்கேயே உண்டாக்க வேண்டும்.

கமக்காரர் அமைப்பு எங்கே இல்லை என்று கேட்பீர்கள். 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிவு செய்த அமைப்புகள் நாடெங்கும் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் உங்கள் அமைப்பை நீங்களே சோதித்துப் பாருங்கள். கடைசியாக எதற்காகக் கூடினீர்கள்? பசளைப் படிவம் நிரப்பவா, வாய்க்கால் வெட்டவா? உங்கள் வாய்க்காலின் கடைசி வயற்காரன் கூட்டத்துக்கு வருகிறானா? வந்தால் வாய் திறக்கிறானா? பெண் தலைமை தாங்கும் குடும்பத்தின் வயலுக்கும் முறைத் தண்ணீர் சரியாகப் போகிறதா? முத்திரையும் கணக்குப் புத்தகமும் இருப்பதால் மட்டும் அமைப்பு ஆகிவிடாது.

ஒரு சங்கதியை மறக்கவேண்டாம். பணத்தைச் செலவழித்தால் குறையும். இந்த நம்பிக்கையோ செலவழிக்கச் செலவழிக்கக் கூடும், பாவிக்காமல் விட்டால் துருப்பிடிக்கும். வருஷா வருஷம் வெட்டாத வாய்க்கால் மாதிரித்தான். ஒருவன் களவாக மடையைத் திறந்து அவனை ஒருவரும் கேட்காமல் விட்டால், அடுத்த முறைக்கு நாலு பேர் திறப்பார்கள். பிறகு முறை என்று ஒன்று இராது.

ஆகவே வருகிற போகத்துக்குப் பெரிய திட்டம் ஒன்றும் போட வேண்டாம். பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு முன்னர், உங்கள் வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிறவர்களை மட்டும் ஒருநாள் பின்னேரம் யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தில் கூப்பிடுங்கள். தேத்தண்ணி குடித்துக்கொண்டு கதையுங்கள். எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது, யாருக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று கேளுங்கள். ஒரு காலை நேரத்தில் முடிக்கக்கூடிய வேலை ஒன்றைத் தெரிந்து, நாள் குறித்து, மண்வெட்டியோடு இறங்குங்கள். கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்த பிறகு அடுத்த கூட்டத்தை அந்தக் கடைசி வயற்காரன் வீட்டில் வையுங்கள்.